பசி சொன்ன செய்தி

பசியின் கொடுமையைப் பாடாத புலவரில்லை, பேசாத மேடையில்லை. ஆனால் பசி இல்லாமற் போவதும் ஒரு கொடுமையே என்பதை என் அப்புச்சி வாயிலாகத்தான் அறிந்தேன்.

இராசிபுரத்துக்கு அருகே, குச்சிக்கிழங்குக் காடுகள் சூழ்ந்த சிற்றூர் எங்களுடையது. உச்சிப் பொழுதில் காட்டிலிருந்து வந்ததும் இரண்டு உருண்டை இராகிக்களி உண்டு எழுவார் அப்புச்சி. சென்ற ஆண்டு சித்திரையில் ஒருநாள் வட்டிலைத் தள்ளி வைத்தார்.

"ஏனுங்க அப்புச்சி, களி வேண்டாங்களா?"

"பசியே எடுக்க மாட்டேங்குது கண்ணு!"

வயதாகிவிட்டது என்றோம். அம்மாயி சுக்குக் கஷாயம் வைத்தார். கடையில் கேட்டு, அமிலம் தணிக்கும் மாத்திரை வாங்கி வந்தவன் நான். ஆறு மாதங்கள் ஓடின.

அந்நாட்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் தெரியுமா? விலங்கியல் தேர்வுக்கு ஹார்மோன்களைப் படித்துக்கொண்டிருந்தேன்! இரைப்பை உணவைச் செரிக்கும் பை மட்டுமன்று. இரத்தத்தின் வழியே செய்தி அனுப்பும் அஞ்சலகமும் ஆகும். அமிலத்தைச் சுரக்கத் தூண்டும் காஸ்ட்ரினை 1905-இல் இங்கிலாந்தின் எட்கின்ஸ் அறிவித்தார். பசியைத் தூண்டும் கிரெலினை 1999-இல் ஜப்பானின் கோஜிமா, கங்காவா குழுவினர் கண்டறிந்தனர். ஹெலிகோபேக்டர் பைலோரி என்னும் கிருமி பல்லாண்டுகள் தங்கி இரைப்பையின் உட்படலத்தை நலிவுறச் செய்தால் கிரெலின் குறையும்; அமிலம் சுரக்கும் பகுதி நலிந்தால் காஸ்ட்ரின் ஏறும். அந்த நலிந்த படலமே புற்றுநோய்க்கு விளைநிலமாகிறது. இதையெல்லாம் விடைத்தாளில் எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். அதே பாடம் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருந்தபோது எனக்குப் படிக்கத் தெரியவில்லை.

மலம் கருத்து, உடல் மெலிந்த பின்பே சேலம் சென்றோம். உள்நோக்கிக் குழாயைச் செலுத்தி, சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்தார்கள். கட்டி இரைப்பைச் சுவரைக் கடந்துவிட்டிருந்தது. இவ்வாண்டுப் பொங்கலுக்கு அப்புச்சி இல்லை.

"முன்பே இரத்தத்தைச் சோதித்திருந்தால் தெரிந்திருக்குமா ஐயா?" என்று எங்கள் பேராசிரியரைக் கேட்டேன்.

"ஹார்மோன் அளவு படலத்தின் நிலையைக் குறிப்பால் உணர்த்தும், அவ்வளவுதான். நீ வாங்கிக் கொடுத்த மாத்திரையாலும் காஸ்ட்ரின் ஏறும். கட்டி எங்கே, எவ்வகை, எவ்வளவு ஆழம் என்பதைக் குழாய் விட்டுப் பார்த்தும் படம் எடுத்தும்தான் அறிய வேண்டும். ஆனால் தம்பி, பசி குறைந்ததே முதல் செய்தி" என்றார் அவர்.

நண்பர்களே! உங்கள் வீட்டிலும் வட்டிலைத் தள்ளி வைக்கும் முதியவர் ஒருவர் இருக்கலாம். சில வாரங்களாகியும் பசி திரும்பவில்லையென்றால் வயதின்மேல் பழி போடாதீர்கள். மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தேர்வில் நான் பெற்ற மதிப்பெண்ணைவிட அது பெரிது.