கொள்ளை போனது யார் வீட்டில்?

ஆண்டு மலர் என்றால் காதல் கவிதை நாலு, வைவா கடி ஜோக் நாலு, 'முயன்றால் முடியும்' கட்டுரை ஒன்று என்று இருக்கும். நான் எழுதப்போவது ஒரு சினிமாவைப் பற்றி. நடுவில் ஒரு குற்ற ஒப்புதலும் வரும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

படத்தின் பெயர் 'கண்ணும் கண்ணும் கொள்ளையடித்தால்'. தேசிங்கு பெரியசாமியின் முதல் படம். துல்கர் சல்மானுக்கு 25-வது படம். கூடவே ரிது வர்மா, ரக்‌ஷன், நிரஞ்சனி. துரத்தி வரும் போலீஸ் அதிகாரியாக டைரக்டர் கௌதம் மேனன்! 2020 பிப்ரவரி 28-ல் ரிலீஸ். மூன்று வாரம் முடிவதற்குள் கொரோனா வந்து தியேட்டர்களை மூடிவிட்டார்கள். நாம் எல்லாம் அப்போது பள்ளிக்கூடப் பையன்கள். பேசப்பட வேண்டிய அளவுக்கு அந்தப் படம் பேசப்படவே இல்லை என்பது என் கட்சி.

போன வருடம் ஹாஸ்டலில் ஒரு லேப்டாப்பைச் சுற்றி ஐந்து தலைகள் முட்டிக்கொண்டு பார்த்தோம். கதை இதுதான். இரண்டு பையன்கள். ஆன்லைனில் சாமான் வாங்குவது, உள்ளே இருப்பதை மாற்றுவது, 'சரியில்லை' என்று திருப்பி அனுப்புவது... இப்படிப் பல தில்லுமுல்லு செய்து ஜாலியாக வாழ்கிறார்கள். இரண்டு பெண்களிடம் காதலில் விழுகிறார்கள். இனிமேல் திருந்தி வாழலாம் என்று கோவாவுக்குப் போகிறார்கள். அங்கே தெரிகிறது, அந்தப் பெண்கள் இவர்களையும் மிஞ்சிய கேடிகள் என்று! மொத்தப் பணமும் அம்பேல். படம் பார்க்காதவர்கள் என்னை மன்னிக்கவும். தெரிந்துகொண்டு பார்த்தாலும் ரசிக்கலாம்.

சிரித்து வயிறு வலித்தது. சிரிப்பு அடங்கியதும் என் அறை நண்பன் மெதுவாக ஆரம்பித்தான்.

"மாப்ள, உனக்கு ஆட்டோகேட் போட லேப்டாப் வேணும்ல?"

"வேணும். துட்டு?"

"ஒண்ணு ஆர்டர் போடுவோம். உள்ள இருக்கிற ரேமைக் கழட்டிட்டு பழசைப் போட்டு ரிட்டர்ன் விட்டுடுவோம். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாமலா மூணு வருசம் மெக்கானிக்கல் படிக்கிறோம்?"

நான் 'சீ போடா' என்று சொல்லவில்லை. அதுதான் நான் ஒப்புக்கொள்ள வேண்டிய விஷயம். இரண்டு நாள் யோசித்தேன். யார் வீட்டு அட்ரஸ் கொடுப்பது என்பது வரைக்கும் யோசித்தேன். பெரிய கம்பெனிதானே, அவனுக்கு இது கொசுக்கடி என்று மனசாட்சிக்குச் சமாதானமும் சொல்லியாகிவிட்டது.

அந்த வாரம் ஊருக்குப் போனேன். என் அண்ணன் பைக்கில் பார்சல் டெலிவரி செய்கிறான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அவனையும் உட்கார வைத்து அதே படத்தைப் போட்டேன். இந்த ட்ரிக்கைப் பற்றி அவன் என்ன சொல்கிறான் பார்க்கலாம் என்ற நப்பாசைதான்! அண்ணனும் நன்றாகத்தான் சிரித்தான். ரிட்டர்ன் விஷயம் வந்தபோது மட்டும் கேட்டான்.

"டேய் தம்பி, அந்தப் பார்சலைத் திருப்பி வாங்கிட்டுப் போனானே, அவன் என்னடா ஆனான்?"

"அவன் கதையெல்லாம் படத்துல கிடையாதுண்ணே."

"என் கதைல இருக்கு."

பிறகு சொன்னான். நாலு மாசத்துக்கு முன்னால் ஒரு போனை ரிட்டர்ன் எடுக்கப் போயிருக்கிறான். டப்பா சரியாக இருந்தது, வாங்கி வந்துவிட்டான். ஆபீசில் பிரித்தால் உள்ளே உடைந்த பழைய போன். சரியாகச் சோதிக்காதது அவன் தப்பு என்று மூன்று மாதம் சம்பளத்தில் பிடித்தார்கள். அம்மாவுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. அந்த மூன்று மாதமும் என் மெஸ் பில் மட்டும் தேதி தவறாமல் வந்தது!

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. அட்ரஸ் வரைக்கும் யோசித்தவனுக்கு, அந்த அட்ரஸுக்கு வந்து வாசலில் நிற்கப் போகிறவன் முகம் மட்டும் தோன்றவே இல்லையே!

இப்போது அந்தப் படம் எனக்கு முன்னைவிட அதிகம் பிடித்திருக்கிறது. முதல் பாதியில் ஏமாறுகிறவனுக்கு முகம் இல்லை, அதனால் சிரிக்கிறோம். கோவாவில் ஏமாறுகிறவனுக்கு முகம் வந்துவிடுகிறது, அது ஹீரோவின் முகம். அவனுக்கு வலித்தது பணம் போனதால் மட்டுமா? நம்பியவள் ஏமாற்றினாளே என்பதால்தானே! ஏமாற்றுவது தப்பு என்று ஒரு பிரசங்கமும் செய்யாமல் காதலை வைத்தே அவனுக்குப் புரிய வைத்த விதம் அருமை.

ஹாஸ்டலுக்குத் திரும்பி நண்பனிடம் சொன்னேன். "சும்மா தமாசுக்குச் சொன்னேன்டா" என்றான். அப்படியே இருக்கட்டும். விவரம் வேண்டுபவர்களுக்கு ஒரு தகவல்: நாம் கிண்டலாகச் சொல்லும் அந்த '420', 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 318 ஆகிவிட்டது. நம்பர்தான் மாறியிருக்கிறது. ஏழு வருடம் வரை சிறை என்பது மாறவில்லை.

ஆட்டோகேட்டை இன்னமும் லேபில்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன். லேப் பூட்டும் வரை உட்கார்ந்திருப்பவன் யார் என்று கேட்டால், அது நான்தான்!

நண்பர்களே, படத்தைப் பாருங்கள். வயிறு வலிக்கச் சிரியுங்கள். அடுத்த முறை வீட்டுக்குப் பார்சல் கொண்டு வருபவர் வெயிலில் நின்றால், ஒரு சொம்பு தண்ணீர் கொடுங்கள். அவர் யாரோ ஒருவனின் அண்ணனாக இருப்பார்.

- மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல்