பாதி திறந்த வால்வு

போன பதிவுக்கும் இதுக்கும் நடுவுல ரெண்டு மாசம் ஓடிப் போச்சு. காரணம் ஒரு இரண்டரை இஞ்சு கேட் வால்வு. சிரிக்காதீங்க. அந்த ஒரு வால்வால எங்க பெரியப்பா மகன் ஒரு மாசத்துக்கு மேல என்கிட்ட பேசாம இருந்தார்.

முதல்ல கேட் வால்வுன்னா என்னன்னு சொல்லிடுறேன். உங்க அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில டேங்குக்குப் பக்கத்துல சின்னதா ஒரு சக்கரம் இருக்கும், பிளம்பர் வந்தா திருகுவாரே, அதுதான். உள்ள ஒரு உலோகக் கதவு. சக்கரத்தைத் திருகினா கதவு இறங்கி வழியை அடைக்கும், எதிர்ப்பக்கம் திருகினா மேல ஏறிக்கும். ஏரி மதகு பார்த்தவங்களுக்கு சுலபமா புரியும். திருகு கம்பியைச் சுத்தினா பலகை இறங்குமே, அதையே சுருக்கிக் குழாய்க்குள்ள வச்ச மாதிரி.

எங்க போர் என் நிலத்துல இருக்கு. தண்ணி எனக்கும் அண்ணனுக்கும் பொது. போர்ல இருந்து வர்ற மெயின் லைன் வரப்போரத்துல ரெண்டா பிரியும். ஒரு கிளை எனக்கு, ஒரு கிளை அவருக்கு. கிளைக்கு ஒரு வால்வு. எங்க நைனா காலத்துல போட்ட ரெண்டும் கன்மெட்டல். இருபது வருஷத்துக்கு மேல உழைச்சது. ஒருநாள் ராத்திரி யாரோ பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போட அறுத்துட்டுப் போயிட்டாங்க. மறுநாள் அவசரமா ஒரு கடைக்குப் போய், பளபளன்னு மஞ்சளா இருந்த ரெண்டு பித்தளை வால்வு வாங்கி மாட்டினேன். கன்மெட்டல் விலையில பாதிதான் ஆச்சு. கெட்டிக்காரத்தனம்னு நினைச்சேன்.

ரெண்டாவது தப்பு இன்னும் பெருசு. முன்னெல்லாம் முறை வச்சுத் தண்ணி பாய்ச்சுவோம். ஒரு நாள் அவருக்கு, ஒரு நாள் எனக்கு. கரண்ட் எப்ப வரும், எப்ப போகும்னு அதுல அடிக்கடி மனஸ்தாபம். "எதுக்குடா சண்டை, ரெண்டையும் பாதி பாதி திறந்து வச்சிடு, ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்துல பாயட்டும்"னு அண்ணன் சொன்னார். நானும் சரின்னேன். ஒரு வருஷம் அப்படியே ஓடுச்சு.

இந்த நவரைப் பட்டத்துல மோட்டார் காயில் போச்சு. கழட்டி பொன்னேரிக்கு எடுத்துட்டுப் போனோம். திரும்பி வரப் பத்து நாள். அண்ணன் நெல்லு அறுப்புக்கு வந்துடுச்சு. அவருக்கு இனிமே தண்ணி தேவையில்லை, வயலைக் காய விடணும். அவர் வால்வைத் திருகி மூடினார். இறுக்கமா நின்னுச்சு, மூடிடுச்சுன்னு வந்துட்டார். மோட்டார் ஓடாத நேரம், தண்ணி நிக்குதா இல்லையான்னு பார்க்க வழியில்ல. என் பயிர் தாமதமா நட்டது. பால் பிடிக்கிற நேரம், பத்து நாளா தண்ணியில்லாம நிலம் வெடிக்க ஆரம்பிச்சிருந்தது. மோட்டார் வந்த அன்னைக்கு சாயந்தரமே இறக்கி, என் பக்கத்து வால்வை முழுசா திறந்து, ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுட்டு வந்து படுத்தேன். ராத்திரி மும்முனை கரண்ட் வந்துச்சு. விடிய விடிய ஓடுச்சு.

காலையில அண்ணன் வயல்ல கணுக்கால் தண்ணி.

அன்னைக்குத்தான் அவருக்கு அறுவடை மெஷின் வர வேண்டிய நாள். முத்தின கதிர், கீழ நிலம் இளகினதும் பாதி வயல் சாஞ்சுடுச்சு. டயர் மெஷின் வரப்போட நின்னுடுச்சு, உள்ள இறங்கினா புதைஞ்சிடும். செயின் மெஷின் கிடைக்க அஞ்சு நாள். அதுக்குள்ள சாஞ்ச கதிர்ல முளை விட்டுடுச்சு. அண்ணன் ஒரு வார்த்தை திட்டல. "நீ வேணும்னு பண்ணியிருக்க மாட்டடா"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போயிட்டார். அதுக்கப்புறம்தான் பேச்சு நின்னுச்சு. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

வால்வைக் கழட்டிப் பிரிச்சோம். எங்க தங்கச்சி மகன் அத்திப்பட்டுப் பக்கம் ஒரு பெரிய ஆலையில ஒப்பந்த ஃபிட்டர். அவன்தான் உட்கார வச்சுக் காட்டினான்.

"மாமா, கேட் வால்வு ரெண்டு நிலைக்குத்தான். ஒண்ணு முழுசா திறக்கணும், இல்ல முழுசா மூடணும். பாதியில நிறுத்தினா ஓடுற தண்ணி கதவோட அடியில இடிச்சு இடிச்சு ஆட்டும். கதவு உட்கார்ற இடமும் பக்கத்துத் தடமும் தேஞ்சிடும். அப்புறம் மூடும்போது கதவு கோணலா இறங்கி நடுவழியில சிக்கும். கைக்கு இறுக்கமாத் தெரியும், ஆனா பாதி திறந்துதான் இருக்கும்."

அண்ணன் கைக்குத் தெரிஞ்ச இறுக்கம் அதுதான். தண்ணியைக் குறைச்சு விடணும்னா அதுக்கு குளோப் வால்வுன்னு தனியா இருக்காம். உள்ள வழி வளைஞ்சு போறதால தண்ணியோட வேகம் கொஞ்சம் போகும், ஆனா பாதியில நிறுத்தலாம். கேட் வால்வுல முழுசா திறந்தா குழாய்க்குள்ள தடையே இருக்காது, மோட்டாருக்குச் சுமை இல்ல. அதனாலதான் மெயின் லைனுக்கு அது.

இன்னொண்ணும் காட்டினான். உள்ள பித்தளை மஞ்சளா இல்ல. திட்டுத்திட்டா செவந்து போயிருந்தது. ஆணியால கீறினா பொரபொரன்னு உதிருது. பித்தளைங்கிறது செம்பும் துத்தநாகமும் கலந்தது. உப்புத் தண்ணி துத்தநாகத்தை மட்டும் மெல்ல அரிச்சு எடுத்துடும். மிச்சம் நிக்கிறது பஞ்சு மாதிரி செம்பு.

எங்க ஊருக்கு உப்பு எப்படி வந்துச்சுன்னு கேப்பீங்க. சென்ட்ரல்ல இருந்து கும்மிடிப்பூண்டி ரயில்ல மீஞ்சூர் தாண்டினா அடுத்த ஸ்டேஷன் நாங்க. கிழக்கே கடல், வடகிழக்கே பழவேற்காடு ஏரி. 1960கள்ல ஐ.நா. வளர்ச்சித் திட்ட உதவியோட இந்தப் பக்கம் நிலத்தடி நீரை ஆய்வு பண்ணி, மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகள்ல கிணறுகள் போட்டு சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் தண்ணி எடுத்தாங்க. நாங்களும் விவசாயத்துக்கு இறைச்சோம், சில பேர் லாரிக்கும் வித்தாங்க. நல்ல தண்ணி இறங்க இறங்க அடியில கடல் தண்ணி உள்ள ஏறி வந்துச்சு, பல கிலோமீட்டருக்கு. 2010ல பக்கத்துக் காட்டுப்பள்ளியில கடல் தண்ணியைக் குடிதண்ணியாக்குற ஆலை வந்துச்சு, நாளுக்கு 10 கோடி லிட்டர். அதுவும் சென்னைக்குத்தான். நீங்க காலையில பல்லு வெளக்குற தண்ணிக்கும் எங்க வால்வு செவந்து போனதுக்கும் ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கு. குத்தமா சொல்லல, கணக்கு சொல்றேன்.

பழவேற்காட்டுல படகு வச்சிருக்குற நண்பர்கிட்ட இதைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சார். "அண்ணே, கடல் தண்ணி படுற சாமானுக்கு மஞ்சள் பித்தளை வாங்குவோமா? எங்க சின்னப் பையனைக் கேட்டிருந்தாக்கூட சொல்லியிருப்பானே!"

அப்புறம் நானும் மருமகனும் ரயிலேறி பாரிமுனை செம்புதாஸ் தெருவுக்குப் போனோம். இந்தத் தடவை விலையைக் கடைசியில கேட்டோம். கத்துக்கிட்டதைச் சொல்றேன், ஊர்ல தோட்டம் வச்சிருக்குறவங்களுக்கு உதவும்.

முதல்ல உங்க தண்ணி எப்படின்னு பாருங்க. நல்ல தண்ணிக்குப் பித்தளை போதும். கரிக்கிற தண்ணிக்கு கன்மெட்டல். நல்ல கன்மெட்டல்ல செம்பு 85 பங்கு, வெள்ளீயம், காரீயம், துத்தநாகம் தலைக்கு 5 பங்கு. துத்தநாகம் கம்மி, அதனால அரிப்பும் கம்மி. எவர்சில்வர்ல வாங்கினா 304 வேணாம், உப்பு புள்ளி புள்ளியா துளைக்கும், 316 கேளுங்க. பெரிய லைனுக்கு வார்ப்பிரும்பு வால்வு, உள்ளயும் வெளியயும் நல்ல பூச்சு இருக்கணும். அப்புறம் முத்திரை. செம்புக் கலவை வால்வுக்கு ஐ.எஸ். 778, வார்ப்பிரும்புக்கு ஐ.எஸ். 14846. உடம்புல பி.என். 1.0ன்னு இருந்தா சுமார் 100 மீட்டர் உயரத் தண்ணியோட அழுத்தம் தாங்கும், நம்ம வயலுக்குத் தாராளம்.

பந்து வால்வு மலிவு, கைப்பிடியைத் தட்டினா மூடிக்கும். அதுதான் சிக்கலும். ஓடுற தண்ணியை டக்குனு நிறுத்தினா அது பின்னால போய் இடிக்கும், பி.வி.சி. குழாய் மூட்டுல பிச்சுக்கும். கேட் வால்வு மெதுவாத்தான் மூடும், குழாய்க்கு நல்லது.

கடைசியா, தண்டு வெளிய ஏறுற வகையை வாங்கினோம். திறந்தா தண்டு மேல வந்து நிக்கும், மூடினா இறங்கிடும். ஆலைகள்ல தூரத்துல நின்னே திறந்திருக்கா, மூடியிருக்கான்னு பார்த்துக்க இது வசதியாம். எங்களுக்கும் அதுதான் வேணும். எத்தனை சுத்துல முழுசா மூடுதுன்னு எண்ணி, பெயிண்ட்ல தொட்டிச் சுவர்ல எழுதியிருக்கேன். பாதியில இறுகினா கடப்பாரை போட்டு முறுக்கக் கூடாது. கொஞ்சம் திறந்து, தண்ணி விட்டு மண்ணைக் கழுவி, திரும்ப மூடணும். முழுசா திறந்த பிறகு அரைச் சுத்து பின்னால திருப்பி விடணும், அப்பத்தான் இறுகிப் போகாது. மாசம் ஒரு தடவை சும்மாவாவது திறந்து மூடணும். திருட்டுக்கு பயந்து தொட்டிக்கு இரும்பு மூடியும் பூட்டும் போட்டாச்சு.

செயின் மெஷின் வாடகையை நான் கொடுத்தேன். முளைச்ச நெல்லுக்கு என்ன கொடுக்குறதுன்னு தெரியல. அண்ணியைக் கேட்டேன், "அவரையே கேளு"ன்னுட்டாங்க.

போன வாரம் புது வால்வு மாட்டின அன்னைக்கு அண்ணன் தானா வந்து நின்னார். ரெண்டு சக்கரத்தையும் திருகிப் பார்த்தார், தண்டு ஏறி இறங்குறதைப் பார்த்தார். சுவர்ல எழுதியிருந்ததைப் படிச்சார்.

"இனிமே பாதி பாதி கிடையாதா?"

"கிடையாதுண்ணே. வால்வு தாங்காது. பழையபடி முறைதான்."

"யாருக்கு முதல் முறை?"

"உங்களுக்கு."

பூட்டுச் சாவி ரெண்டுல ஒண்ணை நீட்டினேன். வாங்கி இடுப்பு மடிப்புல சொருகிட்டார். கிளம்பும்போது, "சொர்ணவாரிக்கு நாத்து விடணும், ஞாயித்துக்கிழமை வந்து கை கொடுடா"ன்னார்.

ஞாயித்துக்கிழமை போயிட்டு வந்தேன். அதான் இந்தப் பதிவு திங்கக்கிழமை வருது.