கிர்கிஸ்தானில் சொட்டு நீலம்

பிஷ்கெக்



நாரின் மாகாணத்தில் ஒரு கிராமத்து வீடு. வெளியே முழங்கால் அளவு பனி, உள்ளே அடுப்பில் நிலக்கரி. என்னோடு கல்லூரியில் பாடம் நடத்தும் கிர்கிஸ் தோழி தன் பாட்டியின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அழைத்திருந்தார். எண்ணெயில் பொரித்த 'போர்சோக்' மாவு உருண்டைகள் மேசை விரிப்பு முழுக்கக் குவிந்து கிடந்தன. தேநீரைக் கிண்ணத்தில் பாதிதான் ஊற்றுவார்கள். நிறைய ஊற்றினால் 'குடித்துவிட்டுக் கிளம்பு' என்று அர்த்தமாம்.

அப்போதுதான் கடையிலிருந்து உப்புப் பொட்டலம் வந்தது. பாட்டியின் மருமகள் உப்பை ஜாடியில் கொட்டவில்லை. ஒரு சிட்டிகையைச் சின்னத் தட்டில் வைத்தார். அலமாரியிலிருந்து கண்மருந்துக் குப்பி மாதிரி ஒன்றை எடுத்து ஒரு சொட்டு விட்டார். வெள்ளை உப்பு கருநீலமானது. "ஜக்ஷி" என்றார். நல்லது என்று பொருள். அதற்குப் பிறகுதான் உப்பு ஜாடிக்குப் போனது.

நம் வீடுகளில் வெள்ளை வேட்டிக்குப் போடும் சொட்டு நீலம் அல்ல இது. உப்பில் அயோடின் இருந்தால் நீலமாகும், இல்லாவிட்டால் வெள்ளையாகவே இருக்கும். கடலைக் கண்ணால் காணாத மலைநாடு இது. மண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் குறைவு என்பதால் கழுத்துக் கழலை இங்கே தலைமுறை நோய்.

"இந்தக் குப்பியை யார் கொடுத்தார்கள்?" என்று கேட்டேன்.

"எங்கள் ஊர் சுகாதாரக் குழு" என்றார். சற்று யோசித்து, "முதலில் சுவிஸ்காரர்கள் சொல்லிக்கொடுத்தார்கள்" என்று சேர்த்துக்கொண்டார்.

அந்தச் 'சற்று யோசித்து' என்ற இடத்தைப் பற்றித்தான் இந்த மடல்.

சோவியத் காலத்தில் இந்த நாட்டுக்கு மருத்துவமனைப் பஞ்சமே கிடையாது. லெனினின் முதல் சுகாதார மக்கள் ஆணையர் நிக்கோலாய் செமாஷ்கோவின் பெயரால் வழங்கும் முறை அது: எல்லாம் அரசுடையது, எல்லாம் இலவசம். 1990இல் கிர்கிஸ்தானில் ஆயிரம் பேருக்குச் சுமார் 12 மருத்துவமனைப் படுக்கைகள் இருந்தன. பணக்கார நாடுகள் பலவற்றில்கூட அவ்வளவு இல்லை. காரணம் எளிது. எத்தனை படுக்கை, எத்தனை ஊழியர் என்று எண்ணித்தான் மருத்துவமனைக்குப் பணம் வரும். படுக்கையைக் குறைத்தால் பணம் குறையும், ஆகவே யாரும் குறைக்கவில்லை. சளி பிடித்தவரும் படுக்கையில் படுத்தார். மாவட்டத்துக்கு ஒரு மருத்துவமனை, அதே ஊரில் மாகாணத்துக்கு ஒன்று, தலைநகரில் குடியரசுக்கு ஒன்று என்று ஒரே வேலைக்கு மூன்று கட்டடங்கள் நின்றன.

1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது. மாஸ்கோவிலிருந்து வந்துகொண்டிருந்த மானியம் நின்றது. சில ஆண்டுகளுக்குள் பொருளாதாரம் ஏறக்குறைய பாதியாகச் சுருங்கியது. இருந்த கொஞ்சப் பணமும் கட்டடங்களைச் சூடாக்கவே போயிற்று. மருந்து வாங்க மிச்சமில்லை. மருத்துவமனைக்குப் போகிறவர் போர்வை, சாப்பாடு, மருந்து எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே கொண்டுபோன காலம் என்று இங்கே வயதானவர்கள் சொல்வார்கள். சட்டப்படி அப்போதும் எல்லாம் இலவசம்தான்.

இந்த நேரத்தில்தான் வெளிநாட்டு உதவி வந்தது. 1996இல் அரசு தொடங்கிய சீர்திருத்தத் திட்டத்துக்குத் தங்கள் காவிய நாயகன் 'மனாஸ்' பெயரையே வைத்தார்கள். உலக வங்கி கடன் தந்தது. உலக சுகாதார நிறுவனம் திட்டம் வகுக்கத் துணை நின்றது. அமெரிக்க உதவி அமைப்பான யுஎஸ்எய்ட், இசிக்குல் ஏரி மாகாணத்தில் குடும்ப மருத்துவர் முறையை முன்னோட்டமாக நடத்திப் பார்க்க உதவியது.

வெளிநாட்டு உதவி என்றதும் நமக்கு ரிப்பன் வெட்டும் புதுக் கட்டடம் நினைவுக்கு வரும். இங்கே நடந்தது தலைகீழ். கட்டடங்களை மூட உதவினார்கள். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் படுக்கைகள் பாதிக்கும் கீழே இறங்கின. அதைவிடப் பெரிய காரியம், பணம் போகும் வாய்க்காலை மாற்றியது. மாவட்டம், மாகாணம், தலைநகரம் என்று தனித்தனிப் பைகளில் கிடந்த பணத்தைக் கட்டாய மருத்துவக் காப்பீட்டு நிதியம் என்ற ஒரே பைக்குக் கொண்டுவந்தார்கள். 2001இல் இசிக்குல், சுய் மாகாணங்களில் ஆரம்பித்து 2004க்குள் நாடு முழுக்கப் பரவிற்று. அதன்பின் மருத்துவமனைக்குப் பணம் படுக்கைக் கணக்கில் வரவில்லை, பார்த்த நோயாளிக் கணக்கில் வந்தது. குடும்ப மருத்துவருக்குத் தன்னிடம் பதிவு செய்தவர்களின் தலைக்கணக்கில். காலிப் படுக்கைக்குக் காசில்லை என்று ஆனதும் காலிப் படுக்கைகள் தாமாகவே மறைந்தன.

2006இல் இன்னொன்றும் செய்தார்கள். அதுவரை நன்கொடை நாடு ஒவ்வொன்றும் தனக்கென ஓர் அலுவலகம், ஒரு ஜீப், ஒரு கணக்குப் படிவம் வைத்திருந்தது. உலக வங்கி, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், ஸ்வீடன் ஆகியோர் தங்கள் பணத்தை ஒன்றாக்கி நேரே அரசு பட்ஜெட்டிலேயே போட்டார்கள். அரசும் சுகாதாரத்துக்கான தன் பங்கைக் குறைக்கக் கூடாது என்பது ஒப்பந்தம். இதற்கிடையே 2005, 2010, 2020 என மூன்று முறை மக்கள் கிளர்ந்தெழுந்து ஜனாதிபதிகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். சுகாதார அமைச்சர்கள் வந்தார்கள், போனார்கள். அந்த ஒரே பை மட்டும் கிழியவில்லை.

உப்புக் குப்பியின் கதையும் இதே காலத்தது. 2002இல் நாரினின் ஜும்கால் வட்டாரத்தில் சுவிஸ் உதவியோடு கிராம சுகாதாரக் குழுக்கள் தொடங்கின. சுவிஸ்காரர்கள் முதலில் செய்த நல்ல காரியம், எதையும் கொடுக்காமல் கேள்வி கேட்டது. உங்களை அதிகம் வாட்டுவது எந்த நோய் என்று ஊராரையே வரிசைப்படுத்தச் சொன்னார்கள். இரத்த அழுத்தம், இரத்தசோகை, கழலை, குடி, ஆடுமாடுகளிடமிருந்து தொற்றும் புருசெல்லா காய்ச்சல் என்று பட்டியல் வந்தது. குழுப் பெண்கள் வீடு வீடாகப் போய் உப்பைச் சோதித்தார்கள். கடைக்காரர்களுக்கும் குப்பி கொடுத்தார்கள். நீலமாகாத உப்பைப் பெண்கள் வாங்க மறுத்ததும், மொத்த வியாபாரியிடம் கடைக்காரரே சோதித்து வாங்க வேண்டியதாயிற்று. ஆயிரத்துக்கு மேற்பட்ட கிராமங்களுக்கு இந்தக் குழுக்கள் பரவின.

எல்லாம் தேனும் பாலுமாக ஓடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள். போன ஆண்டு என் வீட்டுக்கார அம்மாளுக்குப் பித்தப்பை அறுவைசிகிச்சை. இங்கே மூத்த பெண்களை 'எஜே' என்போம், அக்கா மாதிரி. எஜேயோடு ஓர் அரசு மருத்துவமனைக்குத் துணையாகப் போனேன். காசாளர் ஜன்னலில் நோயாளி பங்குத்தொகை கட்டினோம். ரசீது தந்தார்கள். இதுவும் சீர்திருத்தம் கொண்டுவந்ததுதான்: ஆளாளுக்கு ரகசியமாகக் கொடுப்பதற்குப் பதில், சேரும்போதே ஒரு முறை, வெளிப்படையாக, ரசீதோடு. பிரசவத்துக்கும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் அதுவும் கிடையாது. எஜே ரசீதை மடித்துக் கைப்பையின் உள்ளறையில் வைத்தார்.

மாடிக்குப் போனதும் செவிலியர் ஒரு துண்டுச்சீட்டு நீட்டினார். ஊசி, கையுறை, இரண்டு மருந்துகள், எதிரே உள்ள 'அப்தேகா'வில், அதாவது மருந்துக்கடையில், வாங்கி வர வேண்டும். வாங்கி வந்தேன். நான் திரும்பும்போது எஜே கைப்பையின் வெளியறையிலிருந்து மடித்த நோட்டுகளை எடுத்துக்கொண்டிருந்தார். அறுவைசிகிச்சை நிபுணரின் வெள்ளைக் கோட்டுப் பைக்கு. "ரசீது வாங்கினோமே எஜே?" என்றேன். "அது அரசாங்கத்துக்கு. இது அவருடைய பிள்ளைகளுக்கு" என்றார். குரலில் கசப்பே இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது.

சம்பளத்தை எந்த வெளிநாடும் நிரந்தரமாகக் கொடுக்க முடியாது. கருவி தரலாம், பயிற்சி தரலாம், கணக்கு முறை தரலாம். மாதக் கடைசியில் மருத்துவர் வீட்டு அடுப்பு எரிவதை இந்த நாட்டுக் கருவூலம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். அது இயலாமல் போனதால் மருத்துவர்கள் ரஷ்யாவுக்கும் கசகஸ்தானுக்கும் போகிறார்கள்.

இங்கே நம் கதையும் வந்து சேர்கிறது. இந்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் இந்திய மாணவர்கள் ஆயிரக்கணக்கில் படிக்கிறார்கள். என் வகுப்பில் தூத்துக்குடிப் பையனும் தருமபுரிப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் அப்பாக்கள் நகையை அடகு வைத்துக் கட்டும் கட்டணமும் இந்த மருத்துவ உலகுக்கு வரும் வெளிநாட்டுப் பணம்தான். எங்கள் கல்லூரியில் காலை வார்டு பார்த்துவிட்டு மாலையில் வந்து பாடம் நடத்தும் மருத்துவர்கள் உண்டு. அந்த மாலைச் சம்பளம் இல்லாவிட்டால் நானும் மாஸ்கோ போயிருப்பேன் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். உலக வங்கி அறிக்கையில் தருமபுரி நகைக்கடன் இடம்பெறாது. என் கணக்கில் அதுவும் உதவிதான்.

2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்திவைத்தது. ஜூலையில் யுஎஸ்எய்ட் அமைப்பே மூடப்பட்டது. பல மருந்துகளுக்கும் மசியாத காசநோய் அதிகமுள்ள நாடுகளில் கிர்கிஸ்தான் ஒன்று. அந்தப் போரில் அமெரிக்கப் பணத்துக்கு நீண்டகாலப் பங்கு உண்டு. செய்தி வந்த வாரம் எங்கள் ஆசிரியர் அறையில் வேறு பேச்சே இல்லை. எது நிற்கும், எது விழும் என்று ஆளுக்கொரு பட்டியல். கேட்டுக்கொண்டே இருந்ததில் ஒன்று புரிந்தது. அரசு பட்ஜெட்டுக்குள் நுழைந்துவிட்ட எதைப் பற்றியும் யாரும் பதறவில்லை. காப்பீட்டு நிதியத்தைப் பற்றியோ குடும்ப மருத்துவரைப் பற்றியோ ஒருவரும் வாய் திறக்கவில்லை. திட்டத்தின் பெயரில் சம்பளம் வாங்கிய ஆட்களைப் பற்றித்தான் கவலையெல்லாம்.

நாரின் மருமகள் சற்று யோசித்துத்தான் சுவிஸ்காரர்களை நினைவுக்குக் கொண்டுவந்தார். கொடுத்தவர்களுக்கு இது மனக்குறையாக இருக்கலாம். நன்றி மறப்பதை வள்ளுவர் நன்றன்று என்றார். உதவி ஊரின் சொந்தமாகிவிட்டதால் வந்த இந்த ஒரு மறதியை மட்டும் அவரும் பொறுத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

பிள்ளைகளை இங்கே படிக்க அனுப்பியிருக்கும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். கோடை விடுமுறையில் அவர்கள் ஊருக்கு வருமுன் ஒரு நாளாவது ஏதாவதொரு கிராமத்து 'ஃபாப்' பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். மருத்துவர் இல்லாத ஊரில் ஒரு ஃபெல்ட்ஷர், அதாவது மருத்துவ உதவியாளர், தனியாக நடத்தும் சிறு நிலையம் அது. பிஷ்கெக்கிலிருந்து மர்ஷ்ருட்கா வேனிலேயே போய்விடலாம். கல்லூரி தராத ஒரு பாடம் அங்கே கட்டணமில்லாமல் கிடைக்கும்.

அன்புடன்,
பிஷ்கெக்கிலிருந்து உங்கள் மடல்காரன்