கொழுக்குமலையும் ஒரு கமான் பட்டையும்

கொழுக்குமலைக்குப் போய் வந்தவர்களைப் பார்த்து, "மலை எப்படி இருந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் முதலில் இடுப்பைப் பிடித்துக்கொள்வார்கள். மேகக் கடலும் சூரியோதயமும் அதற்குப் பிறகுதான்!

தேனி மாவட்டத்தில், 7,000 அடிக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது இந்தத் தேயிலைத் தோட்டம். உலகத்திலேயே மிக உயரமான தேயிலைத் தோட்டங்களில் ஒன்று என்று பெயர் வாங்கியது. வேடிக்கை என்னவென்றால், மலை நம்முடையது. மோட்டார் ஏறும் பாதை கேரளத்தினுடையது. போடியிலிருந்து போடிமெட்டு ஏறி, பூப்பாறை வழியாகச் சூரியநெல்லிக்குப் போய், அங்கே ஜீப் பிடிக்க வேண்டும். அதற்கப்புறம் உள்ள பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரைப் பாதை என்று சொல்வது வெறும் மரியாதைக்காகத்தான். பாறையும் பள்ளமும் மாறி மாறி வரும். நடுநடுவே கொஞ்சம் மண்ணும் உண்டு.

சென்ற டிசம்பரில் என் மனைவியும் அம்மாவும் நானுமாக, விடியற்காலை நாலரை மணிக்கு ஜீப்பில் ஏறினோம். பின்பக்கத்துப் பலகை ஸீட்டில் உட்கார்ந்த என் அம்மா, முதல் பள்ளத்தில் "முருகா!" என்றாள்; இரண்டாவது பள்ளத்தில் தலை கம்பியில் இடித்தது; மூன்றாவதில் முருகனைக் கூப்பிடவும் மூச்சு இல்லை.

உச்சியில் சூரியன் வந்தது. கீழே தமிழ்நாட்டுச் சமவெளி முழுவதையும் வெண்மேகம் பஞ்சு விரித்தாற்போல் மூடியிருந்தது. நாங்கள் மெய்மறந்து நின்றோம். டிரைவர் அண்ணன் மட்டும் சூடான டீயை வாங்கி வந்து, அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"மன்னிச்சுக்குங்கம்மா. வண்டி ரொம்பத் தூக்கிப் போடுது. நாளைக்குப் போடிக்குக் கொண்டுபோய்ச் சரிபண்ணப் போறேன்."

"எனக்கென்னப்பா, ஒரு நாள் கூத்து" என்றாள் அம்மா. "தினமும் இதிலே போறவங்க கதி?"

அதைக் கேட்டதும் அந்த மனிதர் மனம் திறந்துவிட்டார். மேலே லயத்து வீடுகளில் யாருக்கு உடம்புக்கு வந்தாலும், ராத்திரியில் ஜீப்புகள்தான் ஆம்புலன்ஸ். இரண்டு மழைக் காலத்துக்கு முன்பு, பிரசவ வலி கண்ட ஒரு பெண்ணை இவர் கீழே இறக்கியிருக்கிறார். ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள், "அண்ணே, நிறுத்துங்க! அண்ணே, நிறுத்துங்க!" என்று கதறினாளாம். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் அந்தக் குரல் இவர் காதை விட்டுப் போகவில்லை.

"இப்போ என் மகளுக்கு ஆறு மாசம், ஸார். மேலேதான் வாக்கப்பட்டிருக்கா."

அவர் கையில் 15,000 ரூபாய் இருந்தது. பட்டணத்திலிருந்து வந்த இளைஞர்கள் சிலர், வண்டியை நாலு அங்குலம் உயர்த்தும் வெளிநாட்டு ஸ்பிரிங் செட்டைப் போட்டால் பஞ்சு மெத்தை மாதிரி போகும் என்று சொல்லியிருந்தார்கள். விலை 60,000-க்கு மேல்! வட்டிக்கு வாங்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

போடியில் என் மனைவியின் அத்தை வீடு இருந்தது. ஆகவே மறுநாள் அதே ஜீப்பில் நாங்களும் இறங்கினோம்.

*

ஏலக்காய் மணக்கும் போடியில், அந்தப் பட்டறை மட்டும் கிரீஸும் கரியும் மணத்தது. மேஸ்திரிக்கு எழுபது வயதிருக்கும். வண்டிக்கு அடியில் ஐந்து நிமிஷம் படுத்துவிட்டு எழுந்து வந்தார்.

"ஏப்பா, பின்னாலே ரெண்டு பட்டை கூடுதலா இருக்கே, யார் வச்சது?"

"நான்தான் வச்சேன். அப்போ மூட்டை ஏத்திக்கிட்டிருந்தேன்."

"மூட்டைக்கு வச்ச பட்டை மனுஷனுக்கு எதுக்கு?"

அந்த ஒரு கேள்வியில் பாதி வைத்தியம் முடிந்துவிட்டது! மீதியை அவர் எனக்கு விளக்கினார். நான் உங்களுக்குச் சொல்கிறேன்.

பழைய ஜீப்பின் அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே, வில் போல வளைந்த எஃகுப் பட்டைகளின் கட்டு இருக்கிறது. இதுதான் கமான் பட்டை. பள்ளம் வரும்போது வில் தட்டையாகி, பிறகு பழைய வளைவுக்குத் திரும்புகிறது. கட்டில் ஒரே மாதிரி பட்டையை ஒன்றுக்கு இரண்டாக்கினால் விறைப்பு இரண்டு மடங்கு. ஆனால் ஒரே பட்டையின் கனத்தை இரண்டு மடங்காக்கினால் விறைப்பு எட்டு மடங்காகிவிடும்! பாரம் தாங்கட்டும் என்று கனமான பட்டைகளைச் சேர்த்துக்கொண்டே போனால், ஸ்பிரிங் ஸ்பிரிங்காக இராது. கல்யாண வீட்டுப் பெஞ்சாகிவிடும். சக்கரமும் பள்ளத்தில் இறங்காமல் அந்தரத்தில் நிற்கும். அதனால் பிடிப்பும் போய்விடும்.

இன்னொன்று: வில் தட்டையாகும்போது அதன் நீளம் கொஞ்சம் கூடுகிறது. அதற்கு இடம் கொடுப்பதற்காக, ஒரு முனையில் ஷேக்கிள் என்ற ஊஞ்சல் கொக்கி இருக்கிறது. அந்தக் கொக்கி துருப்பிடித்து, அதிலுள்ள ரப்பர் புஷ் தேய்ந்துவிட்டால் ஊஞ்சல் ஆடாது. நம் ஜீப்பில் நாலு கொக்கியில் மூன்று அசையவே இல்லை! பட்டைகளும் ஒன்றின் மேல் ஒன்று வழுக்காமல் துருவால் ஒட்டிக் கிடந்தன. ஷாக் அப்சார்பர்களிலிருந்து எண்ணெய் கசிந்திருந்தது. ஷாக் பாரத்தைத் தாங்குவதில்லை, பாருங்கள். ஸ்பிரிங் துள்ளிக்கொண்டே இருக்காமல் அடக்குவதுதான் அதன் வேலை.

"நாலு அங்குலம் உயர்த்தினால்?" என்று கேட்டேன்.

"உசரமான ஸ்டூல் மேலே உக்காந்துக்கிட்டுச் சரிவிலே போற மாதிரி" என்றார் மேஸ்திரி. வண்டியின் பாரம் மேலேறினால் சாயும் பயம் அதிகம். புரொப்பெல்லர் ஷாப்டின் கோணம் மாறும். பிரேக் குழாய் எட்டாமல் போகலாம். சட்டமும் குறுக்கே நிற்கிறது. பதிவுப் புத்தகத்தில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதை 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு தடுக்கிறது. 2019-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதை உறுதிப்படுத்தியிருக்கிறது.

டிரைவர் அண்ணன் நெடுநேரம் பேசாமல் இருந்தார். கூடுதல் பட்டைகளைக் கழற்றிவிட்டால் மூட்டை ஏற்ற முடியாது. மூட்டைக் கூலி போய்விடும். கடைசியில், "கழற்றிடுங்க மேஸ்திரி" என்றார்.

*

வேலை ஒன்றரை நாள் நடந்தது. கட்டுகளைப் பிரித்து, ஒவ்வொரு பட்டையையும் கம்பிப் பிரஷால் தேய்த்து, கிரீஸ் தடவினார்கள். வளைவு இழந்த பட்டைகளைப் பச்சையாகவே சம்மட்டியால் தட்டி மறுபடி வளைத்தார்கள். நெருப்பில் காய்ச்சி வளைத்தால் எஃகின் பதம் போய்விடுமாம். மறுபடி பதம் ஏற்றாவிட்டால் சீக்கிரமே படுத்துவிடுமாம். புதிய புஷ், புதிய ஷாக், புதிய யூ போல்ட்டு. பழைய யூ போல்ட்டு ஒரு தடவை இழுபட்டது; அதை மறுபடி நம்பக்கூடாது. வண்டியைத் தரையில் இறக்கி, முழுப் பாரமும் உட்கார்ந்த பிறகே புஷ் போல்ட்டுகளைக் கடைசியாக முறுக்கினார் மேஸ்திரி. தூக்கி நிறுத்தியபோதே முறுக்கினால், ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே இருந்து கிழிந்துவிடுமாம்.

"சில நூறு கிலோமீட்டர் ஓடினதும் யூ போல்ட்டை மறுபடி இறுக்கணும். மறந்துடாதே!"

செலவு 12,000 ரூபாய்க்குள் முடிந்தது.

இங்கேதான் என் மனைவி புகுந்தாள். மிச்சப் பணத்தில் பலகை ஸீட்டுக்கு நல்ல கனமான மெத்தை தைக்கச் சொன்னாள். அதோடு, "உங்க மகளைப் பின்னாலே உட்கார வைக்காதீங்க அண்ணே. பின் சக்கரத்துக்கு மேலேதான் ஆட்டம் அதிகம். முன் ஸீட்டிலே உட்காரட்டும்" என்றாள்.

மேஸ்திரி முதல் தடவையாகச் சிரித்தார். "அம்மா சொல்றது சரி. கல்லுப் பாதையிலே மெதுவாப் போறப்போ டயர்லே காத்தையும் கொஞ்சம் குறைச்சுக்க. தார் ரோட்டுக்கு வந்ததும் மறக்காமே ஏத்திக்க. காசில்லாத ஸ்பிரிங் அதுதான்!"

*

"சரியாச்சான்னு நீங்களே வந்து பார்க்கணும்" என்று பிடிவாதம் பிடித்தார் டிரைவர். மறுபடியும் ஏறினோம். அம்மா, அத்தை வீட்டுத் தூக்கில் கொடுத்தனுப்பிய காபியை மடியில் வைத்துக்கொண்டாள். ஜீப் ஆடாமல் போயிற்று என்று சொன்னால் அது பொய். அந்தப் பாதையில் புஷ்பக விமானம் போனாலும் ஆடும்! ஆனால் முன்பு படார் படாரென்று அடித்த வண்டி, இப்போது படகு போல இறங்கி ஏறியது. உச்சியில் தூக்கைத் திறந்து பார்த்தோம். முக்கால் தூக்குக் காபி மிச்சமிருந்தது.

சென்ற மாதம் ஒரு நாள் காலையில் போன் வந்தது. டிரைவர் அண்ணன்தான். மகளைப் பிரசவத்துக்கு முந்தின வாரமே பத்திரமாகக் கீழே கொண்டு வந்து சேர்த்துவிட்டாராம். சுகப் பிரசவம்.

"ஆணா, பெண்ணா?" என்று போனைப் பிடுங்கிக் கேட்டாள் என் மனைவி.

அவர் அதற்கு உடனே பதில் சொல்லவில்லை. அதைவிடப் பெரிய சேதி ஒன்று அவரிடம் இருந்தது.

"வழியிலே பாதித் தூரம் தூங்கிட்டே வந்தாம்மா, என் பொண்ணு!"