வலை படியும் நேரம்

யாழ்ப்பாணத்து அரியாலைக் கடனீரேரியில் ஒருவர் வீச்சுவலை எறியும் சிறிய அசைபடம் ஒன்று என் பெயரோடு பலருடைய கைபேசிகளில் ஓடுகிறது. அதை வரைந்தது நானில்லை. என்னிடம் கணினி வரைகலை படிக்க வந்த, அரியாலை கிழக்குச் சிறுவன் ஒருவன் வரைந்தான். நான் கோடுகளைச் சீராக்கி, நிறத்தைத் திருத்தி, ஓரத்தில் என் பெயரை எழுதி ஒரு போட்டிக்கு அனுப்பினேன். பரிசு கிடைத்தது. மேடையேறி வாங்கிக்கொண்டேன்.

நான் அவனுக்குக் கற்பித்தது என்ன என்பதை முதலில் சொல்லவேண்டும். கிம்ப் என்ற இலவச மென்பொருளில் ஒவ்வொரு லேயரும் ஒரு பிரேம். அடியில் கிடப்பது முதலில் ஓடும். லேயரின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் மில்லிசெக்கன் கணக்கைக் கொடுத்தால் அந்தப் பிரேம் அவ்வளவு நேரம் நிற்கும். மேல் லேயரின் அடர்த்தியைக் குறைத்துவிட்டு, கீழே தெரியும் முந்திய படத்தைப் பார்த்து அடுத்ததை வரையலாம். கடைசியில் ஜிஃப் கோப்பாக வெளியே எடுக்கவேண்டும். 1987இல் கம்பியூசேர்வ் நிறுவனம் கொண்டுவந்த கோப்பு வகை அது. பிரேமுக்குப் பிரேம் வேறு வேறு நேரம் குறிக்கும் வசதி 1989ஆம் ஆண்டுத் திருத்தத்தில் வந்தது. இவ்வளவுதான். ஒரு பின்னேரத்தில் யாரும் படித்துவிடலாம்.

மற்றதெல்லாம் அவனுடையது. அவனுடைய தகப்பன் மீன்பிடித் தொழிலுக்குப் போகிறவர். வலையில் ஒரு பகுதியை இடது முழங்கையில் போட்டு, விளிம்பைப் பல்லால் கவ்வி, எறிவதற்கு முன் இடுப்பைப் பின்னுக்குத் திருப்புகிறாரே, அந்தத் திருப்பத்துக்கு அவன் தனியே ஒரு பிரேம் வைத்திருந்தான். அது இல்லாவிட்டால் எறிதலில் வலு தெரியாது. நான் அதைச் சொல்லிக்கொடுக்கவில்லை. வலை காற்றில் விரிந்து வட்டமாகும் கணத்துக்கு இரண்டே இரண்டு பிரேம். வலை தண்ணீருக்குள் போனபின் ஆள் கயிற்றைப் பிடித்தபடி அசையாமல் நிற்கும் பிரேமுக்கு 1200 மில்லிசெக்கன்.

அந்த 1200ஐ நான் 100 ஆக்கினேன்.

"சேர், எறிஞ்ச உடன அப்பா இழுக்கமாட்டார். ஈயம் போய் அடியில படியோணும்" என்றான். போட்டிக்குப் போகிற படம் விறுவிறுப்பாக ஓடவேண்டும், இடையில் நின்றால் பார்ப்பவர்கள் போய்விடுவார்கள் என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன். பிறகு நாவற்குழிப் பாலத்தடியில் வலை எறிபவர்களை நின்று பார்த்தேன். ஈயக்குண்டுகள் தரையைத் தொடுமுன் இழுத்தால் இறால் கீழால் தப்பிவிடுகிறது. கடனீரேரிக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தும் அதுவரை நான் அதைக் கவனித்ததில்லை.

என் பெயரைப் போட்டதை அறியாமல் செய்தேன் என்றும் சொல்லமுடியாது. 1937இல் வந்த டிஸ்னியின் 'ஸ்னோ வைட்' படத்துக்கு மையிட்டு நிறம் தீட்டிய பெண்களின் பெயர்கள் திரையில் வரவில்லை என்றும், 1941இல் அந்த ஸ்டூடியோவில் நடந்த வேலைநிறுத்தத்துக்குப் பெயர் போடாததும் ஒரு காரணம் என்றும் இதே பிள்ளைகளுக்கு ஆத்திரத்தோடு பாடம் எடுத்தவன் நான். அசைபடக் கலைஞர் எமில் கோல் 1908இல் இரண்டு நிமிடமும் ஓடாத அசைபடத்துக்கு ஏறக்குறைய 700 படங்கள் வரைந்ததைச் சொல்லி, இந்தக் கலையில் பொறுமைதான் பாதி என்றேன். அந்தப் பொறுமை முழுவதையும் பிள்ளை கொடுத்தான். கணினி என்னுடையது, மென்பொருளைக் காட்டியவன் நான், ஆகவே படமும் என்னுடையது என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். சின்னப்பிள்ளைக்கு இதெல்லாம் பெரிதாகத் தெரியாது என்றும் நினைத்தேன். அது இன்னும் பெரிய பிழை.

அவனுக்குத் தெரிந்தது. அதன்பின் வகுப்புக்கு வந்தான், ஆனால் அசைபடம் வரையவில்லை. போஸ்டருக்கு எழுத்து அடுக்கினான், படங்களுக்குப் பின்னணி வெட்டினான், கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். அந்த அமைதியைப் பார்க்கப் பொறுக்காமல்தான் அவன் வீட்டுக்குப் போனேன். பெற்றோருக்கு முன்னால் உள்ளதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். தகப்பன் படத்தைக் காட்டச் சொன்னார். என் கைபேசியை வாங்கி, அது திரும்பத் திரும்ப ஓடுவதைக் கனநேரம் பார்த்தார்.

"வலை ஏன் உடன வருது?" என்று மட்டும் கேட்டார்.

போட்டி நடத்தியவர்களுக்கு உண்மையை எழுதிவிட்டேன். பரிசுப் பணம் பிள்ளையிடம் சேர்ந்துவிட்டது. அவன் வரைந்த மூலக் கோப்பை, 1200 மில்லிசெக்கனோடு, திரும்பக் கொடுத்திருக்கிறேன். அதை வெளியிடுவதும் பெயர் போடுவதும் அவனும் அவனுடைய பெற்றோரும் தீர்மானிக்கவேண்டியவை. என் பெயர் போட்ட படம் உங்கள் கைபேசியில் இருந்தால் தயவுசெய்து அழித்துவிடுங்கள். யாருக்காவது அனுப்பியிருந்தால், அவர்களிடமும் அழிக்கச் சொல்லுங்கள்.