மூடுபனி மலையில் மிளகுக்கு ஒரு சின்னப் பலகை

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிச் செம்மேட்டை நெருங்கினால், சில்வர் ஓக் மரங்களில் படர்ந்த மிளகுக் கொடிகள் வரவேற்கும். வெயிலடிக்கும் களத்தில் திடீரென மூடுபனி இறங்குவதும் கொல்லிமலையில் வழக்கம்தான். மிளகில் ஈரப்பதம் 11 சதவிகிதத்துக்குள் வராவிட்டால் மூட்டையிலேயே பூஞ்சணம் பிடித்து, விலை விழும்.

கடித்துப் பார்த்துக் காய்ச்சலைக் கணிக்கிறோம். அதோடு, பள்ளிப் பிள்ளைகள் பொழுதுபோக்காகச் செய்து பழகும் ஆர்டுயினோ பலகையும் கைகொடுக்கும். 2005-ல் இத்தாலியில் மாணவர்களுக்காக உருவானது இது. டிஹெச்டி 22 உணரியையும் சின்னத் திரையையும் இதில் இணைத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்துக்கு பவர் பேங்க் போதும். சூடு ஆறிய மிளகை டப்பாவில் முக்கால்வாசி நிரப்பி, உணரியை உள்ளே வைத்துக் காற்றுப் புகாமல் மூடுங்கள். ஒரு நாளில் உள்காற்றின் ஈரம், மிளகின் ஈரத்துக்கு ஏற்ப நிலைபெற்றுவிடும். திரையில் 65-க்கு மேல் காட்டினால் மறுபடி காய வையுங்கள். உணரி சில புள்ளிகள் முன்பின்னாகக் காட்டும் என்பதால், 60-க்குக் கீழே வந்தபிறகே மூட்டை கட்டுங்கள்.