உம்மாவின் நடையில் பினாங்கு

பாடசாலை லீவில் உம்மாவோடு பினாங்கிலிருக்கும் தாத்தா வீட்டுக்குப் போனோம். பார்த்து ஐந்து வருடம். மச்சான் நீளமாய் ஒரு லிஸ்ட் போட்டு வைத்திருந்தார். உம்மாவின் முழங்கால் சம்மதிக்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரு தெரு என்று முடிவெடுத்தோம்.

ஜோர்ஜ் டவுனில் ஒரே தெருவில் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், சீனர்களின் குவான் யின் கோயில். கொஞ்சம் நடந்தால் மாரியம்மன் கோயில், சர்ச். 2008இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக்கிய நகரம். லுஹர் தொழுதுவிட்டு நாசி கந்தார் சாப்பிட்டோம். தமிழ் முஸ்லிம் வியாபாரிகள் சோறும் கறியும் காவுதடியில் சுமந்து விற்ற சாப்பாடு அது.

சாப்பிட்ட கை காயும்வரை உம்மாவும் தாத்தாவும் கதைத்தார்கள். வாப்பா மவுத்தான அன்று வர முடியாமல் போனதைத் தாத்தா அங்கேதான் சொல்லி அழுதார். இத்தனை வருடமும் போனில் வராத பேச்சு.

லிஸ்டில் பாதி மிச்சம். சொந்தங்களைப் பார்க்க வெளிநாடு போகிறவர்கள் லிஸ்டைச் சின்னதாக்குங்கள். போவது அவர்களைப் பார்க்கத்தானே.